எந்தச் செர்டாங்? வழிகாட்டி நூல் எழுதப்படாத ஊருக்கு வழி தேடுவது

கைப்பேசி வரைபடத்தில் செர்டாங் என்று தட்டினால் பெரும்பாலும் சிலாங்கூர் மாநிலம்தான் வந்து நிற்கும். கோலாலம்பூருக்குத் தெற்கே, 1931-இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகமாக வளர்ந்த பெரிய வளாகம் இருக்கும் பகுதி அது. அங்கே ரயில் நிலையத்துக்கும் செர்டாங் என்றே பெயர். மலாக்கா நீரிணையைத் தாண்டினால் வட சுமத்ராவில் டெலி செர்டாங் என்றொரு மாவட்டம் உண்டு. மேடான் நகரத்துக்கான குவாலா நாமு விமான நிலையம் 2013-இல் திறக்கப்பட்டதும் அந்த மாவட்டத்தில்தான். தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் அந்தப் பக்கமும் உண்டு. மேடான் மாரியம்மன் கோயில் 1884-ஆம் ஆண்டுக் கோயில். மூன்றாவது செர்டாங் கெடாவின் தென்கோடியில் இருக்கிறது. பண்டார் பாரு மாவட்டத்தின் நிர்வாகத் தலையூர், சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். இந்தக் கட்டுரை பேசுவது இந்த மூன்றாவதைப் பற்றி.

தனியாகப் பயணம் செய்பவருக்கு முதல் சோதனை இந்தப் பெயர்க் குழப்பம்தான். ரயில் சீட்டுக்கான செயலியில் பெயரை மட்டும் பார்த்து இடம் பதிவு செய்பவர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் இறங்குவார். கெடா செர்டாங்கில் ரயில் நிலையமே கிடையாது. தீர்வு மிக எளிது. எந்த முகவரியிலும் மாநிலப் பெயருக்கு முன்னால் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருக்கும். 09800 என்றால் கெடா, 43400 என்றால் சிலாங்கூர். தொலைபேசி எண் 04-இல் தொடங்கினால் வடக்கு, 03-இல் தொடங்கினால் கோலாலம்பூர் வட்டாரம். அஞ்சல் எண்ணை வைத்தவர் கடிதம் பிரிப்பவருக்காக வைத்தார், பயணிக்காக அல்ல. ஆனால் பயணிக்கு இதைவிட உறுதியான அடையாளம் வேறில்லை.

கெடாவின் தோட்டங்களையும் சிறுநகரங்களையும் பற்றிய தகவல் முழுவதுமே ஏறக்குறைய இப்படித்தான் கிடக்கிறது. தகவல் இல்லை என்று சொல்ல முடியாது, நிறையவே இருக்கிறது. அதை எழுதியவர்களின் மனத்தில் பயணி இல்லை, அவ்வளவுதான். அரசனின் வெற்றியைப் பதிய, ஆள் பிடிக்க, வரி வாங்க, பள்ளிக்கூடத்துக்கு மானியம் தர, அகழாய்வுக்கு எண் போட என்று வேறு வேறு தேவைக்கு எழுதினார்கள். பினாங்கைப் பற்றி அலமாரி நிறைய வழிகாட்டி நூல்கள் உண்டு. லங்காவிக்கும் உண்டு. இரண்டுக்கும் இடையே கெடாவின் பெருநிலப்பகுதியை அந்த நூல்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துவிடும். சுங்கை பட்டாணிக்குச் சில வரிகள், செர்டாங்குக்கு ஒன்றுமில்லை. இங்கே வருகிறவர் பிறருக்கு எழுதிய கடிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. அது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தியது என்பதுதான் வேடிக்கை. 671-இல் குவாங்சோவிலிருந்து பாரசீகக் கப்பல் ஒன்றில் புறப்பட்ட சீனத் துறவி யிஜிங், சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி, மலாயுவைத் தொட்டு, கெடா வந்து, அங்கிருந்து 673-இல் வங்கக் கரையின் தாமிரலிப்தியை அடைந்தார். திரும்பும்போதும் கெடா வழியாகவே வந்தார். அவர் எழுதி வைத்தது இனி வரப்போகும் துறவிகளுக்காகவே. கெடாவிலிருந்து வடக்கே பத்து நாளுக்கு மேல் கப்பலில் போனால் ஆடையில்லாதவர்களின் தீவு வரும் என்கிறார். அது நிக்கோபார் என்பது ஆய்வாளர் கருத்து. தீவுக்காரர் தேங்காயும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு படகில் வந்து கப்பலைச் சூழ்வார்கள், அவர்களுக்கு வேண்டியது இரும்பு, இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கிடைக்கும் என்கிறார். என்ன கொண்டு போக வேண்டும், எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்பதுவரை சொல்கிற தகவல் இது. இன்றைய பயணச் செய்திகளில் பாதிக்கு இந்தத் துல்லியம் கிடையாது. இந்தியாவுக்குப் போக நினைப்பவர் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பழகிக்கொண்டு போவது நல்லது என்றும் அவர் சொல்கிறார். வேறொரு துறவியின் வரலாற்றை எழுதும்போது, கெடாவிலிருந்து மேற்கே முப்பது நாள் கடல் வழியில் நாகப்பட்டினம் என்று குறிக்கிறார். நம் ஊரும் இந்த ஊரும் ஒரே வாக்கியத்தில், நாள் கணக்கோடு வருவது எனக்குத் தெரிந்து அங்கேதான் முதலில்.

அந்த இரும்புக்கு இன்னொரு முனை கெடாவிலேயே இருக்கிறது. சுங்கை பட்டாணிக்கு வடக்கே சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் தோண்டி எடுத்தவற்றில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் முக்கியமானவை. அவற்றின் தொடக்கக் காலம் பற்றிச் சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. இங்கே இரும்பு உருக்கினார்கள் என்பதில் சர்ச்சை இல்லை.

நம்மவர் எழுதி வைத்த ஊர்ப்பட்டியல் ராஜேந்திர சோழனுடையது. 1025-ஐ ஒட்டிய கடற்படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, ஸ்ரீவிஜயம் தொடங்கிக் கடாரம் (இந்தக் கெடாதான்) ஈறாகப் பதின்மூன்று இடங்களை வரிசையாக அடுக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் துறை, மலைக்கோட்டை, அகழி போலச் சூழ்ந்த கடல் என்று ஓர் அடைமொழி. அரசனின் புகழுக்காகச் செதுக்கியதுதான். ஆனால் அந்த அடைமொழிகளைப் பிடித்துக்கொண்டுதான் இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள் ஊர்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றினார்கள். போர்ச் செய்தி பிற்காலத்தில் ஊர்க்கையேடாகப் பயன்பட்டது. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் நிலம் கொடுத்ததைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடு இன்று நெதர்லாந்தின் லெய்டனோடு சேர்த்தே அறியப்படுகிறது. 1834-இல் செபராங் பிறையில் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் என்னும் கடலோடியின் கல்வெட்டு கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிய கடலோடியின் கல், தானே கடல் தாண்டிப் போய்விட்டது. கெடாவைத் தேடுகிற ஒருவர் கெடாவில் மட்டும் தேடினால் போதாது என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி.

தமிழில் வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. ஆற்றுப்படையில் பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வான். மலைபடுகடாத்தில் வழியின் அழகைவிட ஆபத்து அதிகம் பேசப்படும்: எந்த இடத்தில் பாறை வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்தக் காட்டில் இரவு தங்கக் கூடாது, எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும். நேற்றுப் போய் வந்தவன் இன்று போகிறவனுக்குச் சொல்வது என்பதால் அந்தத் தகவலுக்கு ஒரு நம்பகம். சொல்கிறவன் ஏற்கெனவே பரிசில் வாங்கிவிட்டான்; பொய் சொல்லி அவனுக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கெடாவுக்கு ஆள் வந்ததும் இதே முறையில்தான் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆள் சேர்த்த கங்காணியும் போய் வந்தவன்தான். தோட்டத்தில் வேலை பார்த்தவன், சொந்த ஊருக்குத் திரும்பி, உறவையும் சாதிசனத்தையும் கூட்டி உட்கார வைத்து வழி சொன்னான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி இருந்தது. வழிகாட்டுகிறவனுக்குப் போகிறவனின் எண்ணிக்கையில் பணம் இருக்கும்போது வழுக்குப் பாறையும் பாம்பும் கதையிலிருந்து தானாகக் கழன்றுவிடும். தோட்டத்துக் காய்ச்சலும் கடையில் ஏறும் கடனும் ஆற்றுப்படையில் முதல் அடியிலேயே வந்திருக்கும். கங்காணி பேச்சில் வரவில்லை. இன்று விடுதிக்கும் உணவகத்துக்கும் நட்சத்திரம் போடும் செயலிகளில் காசு கொடுத்து மேலே ஏற்றிய வரிகளைப் பார்க்கும்போது எனக்குக் கங்காணி ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. 1936-இன் இறுதியில் தோட்டங்களை நேரில் பார்க்க இந்திய அரசின் சார்பில் வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, கங்காணி மூலம் ஆள் எடுப்பது இனி வேண்டாம் என்று அறிக்கை எழுதினார். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளரின் போக்குவரத்தையே தடுத்தது. சாஸ்திரி தொழிலாளரை அதிகம் பேச விடவில்லை, அதிகாரிகள் காட்டியதையே பார்த்தார் என்று அப்போதே குறை சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். துரைமாரின் காரில் தோட்டம் சுற்றுகிறவருக்குத் துரைமாரின் தோட்டம்தான் தெரியும்.

அந்தத் தோட்டங்களைத் தேடி இன்று போகிறவருக்குக் கையில் என்ன இருக்கிறது? பழைய தோட்டப் பெயர்கள் அரசாங்க வரைபடத்திலிருந்து மெல்ல உதிர்ந்துவிட்டன. நிறுவனங்கள் கைமாறின, நிலம் துண்டாயிற்று, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பல இடங்களில் தாமான் எனப்படும் வீட்டுக் குடியிருப்பு வந்துவிட்டது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் இடிந்தன. ஆட்கள் கூலிமுக்கும் பாடாங் செராய்க்கும் லுனாஸுக்கும் சுங்கை பட்டாணிக்கும் போனார்கள். பினாங்குத் தொழிற்பேட்டைகளுக்குப் போனவர்களும் உண்டு. நிறுவனம் வைத்த பெயர் ஒன்று, ஆட்கள் சொன்ன பெயர் ஒன்று என்று இரட்டைப் பெயர் வேறு.

இங்கேதான் கல்வி அமைச்சின் பள்ளிப் பட்டியல் கைகொடுக்கிறது. மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், கெடாவில் மட்டும் ஐம்பதுக்கு மேல். தோட்ட முதலாளிகள் சட்டத்துக்காகவும் ஆள் நிற்கவும் நடத்திய கொட்டகைப் பள்ளிகள் பின்னாளில் தேசிய வகைப் பள்ளிகளானபோது தோட்டத்தின் பெயரைக் கழற்றவில்லை. எனவே பட்டியலைத் திறந்தால் ஹார்வார்ட் தோட்டம், டப்ளின் தோட்டம், விக்டோரியா, ஹென்ரியட்டா, ஸ்காபரோ என்று தோட்டங்கள் வரிசையாக எழுந்து வரும். ஒரு வரியை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘லாடாங்’ என்று மலாயில் இருந்தால் தோட்டப் பள்ளி. பெயருக்குப் பின்னால் பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு, பிரிவு மூன்று என்று எண் இருந்தால், பல பிரிவுகளாகப் பிரித்து நிர்வகிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய தோட்டம், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பள்ளிக்குத் தேவையான பிள்ளைகள் இருந்தார்கள் என்று பொருள். ஹார்வார்டுக்கு அப்படி மூன்று உண்டு. அஞ்சல் எண் எந்தச் சிறுநகரம் அதன் சந்தை ஊர் என்பதைச் சொல்லிவிடும். மாணவர் எண்ணிக்கை கிடைத்தால் இன்னும் விசேஷம்: இருபது முப்பது பிள்ளைகள் என்றால் தோட்டம் காலியாகிவிட்டது, முந்நூறு என்றால் பள்ளியைச் சுற்றித் தாமான்கள் முளைத்திருக்கின்றன. மானியம் பிரிப்பதற்காகத் தயாரான அட்டவணை, கெடாவின் தோட்ட வரலாற்றுக்கு இருப்பதிலேயே நல்ல வரைபடம்.

ஹார்வார்ட் என்றதும் பல்கலைக்கழகம் ஞாபகம் வருகிறவருக்கு ஒரு செய்தி: பீடோங் பக்கத்து மக்களுக்கு அந்தப் பெயர் வேறொன்றை நினைவூட்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்ற லாரி ஓட்டுநர் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைக்கு எதிராக ஆட்களைத் திரட்டினார். 1947-இல் பீடோங்கிலும் பின்னர் டப்ளின் தோட்டத்திலும் போலீஸ் நடவடிக்கையில் உயிர்கள் போயின. இந்த இடங்களைச் சுட்டும் பழுப்பு நிறச் சுற்றுலாப் பலகை எதையும் சாலையில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊருக்குள் போனபின் அரசுப் பட்டியல் உதவாது, ஆட்கள்தான். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். “இங்கே பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்டால் எந்தச் சிறுநகரத்திலும் “இங்க என்னங்க இருக்கு, பினாங்குக்குப் போங்க” என்ற பதில்தான் வரும். பொய்யில்லை, அவர்கள் பார்வையில் பார்ப்பதற்கான இடம் அங்கேதான். அதையே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், கூட்டம் ஓய்ந்த பிறகு, தே தாரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், “ஐயா, இந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திருவிழா எப்போங்க?” என்று கேளுங்கள். “எந்தத் தோட்டம்? எத்தனாம் பிரிவு? நாங்க ரெண்டாவது பிரிவுல இருந்தோம்” என்று பேச்சு தானே ஓடும். காலையில் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக் களம் எங்கே இருந்தது, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை எங்கே, எழுத்தரான கிராணியின் வீடு எது என்பதெல்லாம் கூடவே வந்துவிடும். வெளியூர்க்காரருக்குக் காட்டத் தகுந்தது என்று அவர் நினைக்காத ஒன்றைப் பற்றிக் கேட்கும்போதுதான் அவர் அறிந்ததெல்லாம் வெளியே வருகிறது.

திருவிழா நாளை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. லயம் போன பிறகும் கோயில் நிற்கிற தோட்டங்கள் அநேகம். மற்ற நாளில் அங்கே போனால் செம்பனைக்கு நடுவே பூட்டிய கோயில் மட்டும். திருவிழா அன்று, பல ஊர்களுக்குச் சிதறிப் போன குடும்பங்கள் கார் கட்டிக்கொண்டு வந்து சேரும். பால்குடம், தீமிதி, பந்தி. தோட்டத்தைப் பற்றி வாய்வழியாகத் தெரிந்த அத்தனை பேரும் ஆண்டில் அந்த ஒரு நாளில் ஒரே பந்தலில் இருப்பார்கள். தேதியைத் தமிழ் நாளிதழ் அறிவிப்புகளில் தேடலாம். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனது. அதோடு இப்படிப்பட்ட அறிவிப்புகள் வரும் பக்கங்களில் ஒன்று போயிற்று. இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வெளியாளுக்கு அந்தக் குழுவில் இடம் கிடைப்பது பழைய நாளிதழை வாங்குவதைவிடக் கடினம். முன்னேற்றம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கெடாவின் நாவலாசிரியர்களையும் மறந்துவிடக் கூடாது. சுங்கை பட்டாணி வட்டாரம் சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், கே. பாலமுருகன் என்று வரிசையாக எழுத்தாளர்களைத் தந்த மண். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ படித்துவிட்டுத் தோட்டத்துக்குள் நுழைகிறவருக்கு லயத்து வாசல் வெறும் வாசலாகத் தெரியாது. கடல் கடந்த ஊர்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்த ஏ. கே. செட்டியார் பயண நூல்களில் சொல்லாத வீட்டு உள்புறம் இந்தப் புனைவுகளில் கிடைக்கிறது.

பட்டியலில் இல்லாதது எப்படி மறைகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1936-37-இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் தன் மனைவி டோரத்தியோடு கெடாவின் ஆறுகளையும் தோட்டங்களையும் அலசி, முப்பது தொல்லிடங்களுக்கு வரிசை எண் கொடுத்தார். எட்டாவது எண், மெர்போக்கில் ஜெராய் மலையடியில் இருக்கும் புக்கிட் பத்து பாஹாட் கோயில். 1960-ஐ ஒட்டி அது சீரமைக்கப்பட்டது. 1980 முதல் பக்கத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கோயில் அடித்தளங்களும் அங்கே உண்டு. பஸ் பஸ்ஸாக மாணவர்கள் வருகிறார்கள். பதினோராம் எண், சுங்கை பத்துப் பக்கம் தனியார் நிலத்தில் இருந்தது. அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாக அது அறிவிக்கப்படவில்லை. 2013-இன் இறுதியில் அந்த நிலத்தில் வீட்டு மேம்பாட்டு வேலை நடந்தபோது கோயில் அடித்தளம் தரைமட்டமாகிவிட்டது என்பது செய்தியானது. ஆய்வேட்டில் எண் இருந்தது. நில அலுவலகக் கோப்பில் இல்லை. எட்டுக்கும் பதினொன்றுக்கும் இருந்த வேறுபாடு கல்லில் இல்லை, காகிதத்தில்.

காகிதம் பழசானாலும் வழி தவறும். 2014-க்கு முந்திய எந்த நூலும் பினாங்குத் தீவிலிருந்து தெற்குக் கெடாவுக்குப் போகப் படகிலோ பழைய பாலத்திலோ கடந்து, பட்டர்வொர்த் பக்கம் இறங்கித் தெற்கே வரச் சொல்லும். அந்த ஆண்டு மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறந்தது. விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கத்திலிருந்து நேரே பத்து காவானில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து நிபோங் திபால், செர்டாங் எல்லாம் கிட்ட. பாலத்துக்கு வைத்ததும் கெடா சுல்தான் அப்துல் ஹாலிமின் பெயர். சொந்த வண்டி இல்லாதவர் கொம்யூட்டர் ரயிலில் நிபோங் திபாலிலோ பாரிட் புந்தாரிலோ இறங்கலாம். முதலாவது பினாங்கு மாநிலம், இரண்டாவது பேரா. கெடாவின் வால் இந்த இரண்டுக்கும் நடுவில் கிரியான் ஆற்றை ஒட்டிச் செருகிக் கிடப்பதால், செர்டாங்குக்கு வருகிறவர் வேறொரு மாநிலத்தில் ரயிலை விட்டு இறங்கித்தான் வர வேண்டும். திரும்பும் வண்டியை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. நகரத்தில் கைப்பேசியைத் தட்டினால் வருகிற கார், மாலை ஐந்து மணிக்குத் தோட்டச் சாலையில் வரும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லை என்பது வெறும் கோடல்ல என்பது விடுமுறை நாளில் தெரியும். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வங்கிகளுக்கும் ஓய்வு வெள்ளியும் சனியும். ஆற்றுக்கு அப்பால் பினாங்கிலும் பேராவிலும் சனியும் ஞாயிறும். பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்க வெள்ளிக்கிழமை செர்டாங் போனால் பள்ளி மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் மணி அடித்து வகுப்பு நடந்துகொண்டிருக்கும். வெள்ளியன்று நிபோங் திபாலில் வேலையை வைத்துக்கொண்டு ஞாயிறு செர்டாங்குக்கு வருகிறவருக்கு வாரத்தில் சனி ஒன்றுதான் வீண். அந்தச் சனியைக் கோயிலுக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிப் பட்டியலை நம்பிப் புறப்படுகிறவருக்கு ஒரு பொறி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் பிள்ளைகள் குறைந்ததும் பல பள்ளிகளைப் பெயர்த்து, ஆட்கள் குடியேறிய தாமான்களுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டினார்கள். உரிமம் பறிபோய்விடக் கூடாது என்பதால் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதனால் பலகையில் தோட்டத்தின் பெயர் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் மாடி வீடுகளும் பேரங்காடியும் இருக்கும், தோட்டம் பல மைல் தள்ளி இருக்கும். சந்தேகமானால் பள்ளிக் கட்டடத்தின் திறப்பு விழாக் கல்லைப் பாருங்கள்: தோட்டப் பள்ளி போருக்கு முந்தியது, கல்லில் ஆண்டு சமீபத்தியது என்றால் இடம் மாறிய பள்ளி. பழைய இடம் எது என்று அலுவலகத்தில் இருக்கும் இளைஞரிடம் கேட்பதைவிட, பிள்ளைகளை ஏற்றிவர வெளியே வேனோடு நிற்பவரிடம் கேட்பது மேல். மிச்சமிருக்கும் இரண்டு மூன்று குடும்பத்துப் பிள்ளைகளை இன்னும் பழைய தோட்டத்திலிருந்து ஏற்றி வருவது பெரும்பாலும் அவர்தான்.